மட்கார்டா, ஃபெண்டரா, மட்ஃப்ளாப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தச் சந்தேகமும் கூடவே வந்துவிடுகிறது. உதிரி பாகம் வாங்கப் போனவர், பட்டறையில் கொடுத்த பட்டியலைப் படித்தவர், சைக்கிளை மழைக்குத் தயார் செய்பவர் என்று எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

மட்கார்டும் ஃபெண்டரும் ஒண்ணுதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு பேர்?

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். டயர் வாரி இறைக்கும் தண்ணீர், சேறு, பொடிக்கல் எல்லாம் மேலே வராமல் தடுப்பது. ஆனால் பொருள் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சக்கரத்தின் மேல் தனி உறுப்பாக வளைத்து மாட்டியிருந்தால் அதை மட்கார்டு என்கிறோம். காரில் முன்சக்கரத்தை மூடி, பானெட்டுக்கும் முன்கதவுக்கும் நடுவில் நிற்கும் தகடு வண்டியின் உடம்பாகவே ஆகிவிட்டது. அது ஃபெண்டர். இதை மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பத்துக்கு நாட்டு வழக்கு காரணம். அமெரிக்கர்கள் சைக்கிளில் இருப்பதையும் ஃபெண்டர் என்றே சொல்வார்கள். பிரிட்டனில் சைக்கிளுக்கு மட்கார்டு, காருக்கு விங். ஆகவே ஒரே காரின் ஒரே தகடு ஒரு கையேட்டில் ஃபெண்டராகவும் இன்னொன்றில் விங்காகவும் இருக்கும். கையேடு எந்த நாட்டு வழக்கில் எழுதப்பட்டது என்று பார்த்துக்கொண்டால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

பழைய கார்ல சக்கரத்துக்கு மேல தனியா வளைஞ்சு நிற்குமே, அது எந்தக் கணக்குல சேரும்?

அதுதான் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரைப் படத்தில் பாருங்கள். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக வளைந்த தகடுகள், நடுவே ஏறுவதற்குப் படிப்பலகை. வடிவத்தில் அவை சைக்கிள் மட்கார்டுக்கு அண்ணன் தம்பிதான். 1940-களின் கடைசியில் காரின் பக்கவாட்டை முன்னிருந்து பின்வரை ஒரே சமமாக இழுத்துவிடும் பாணி பரவியது. தனியாக நின்ற தகடுகள் உடம்போடு கலந்தன, பேர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

விதிவிலக்கும் உண்டு. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2003-இல் தயாரிப்பு நிற்கும் வரைக்கும் உருண்டையான தனி ஃபெண்டர்களோடுதான் வந்தது. நான்கையும் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். அந்தக் காரைப் பார்த்து மட்கார்டு என்று யாராவது சொன்னால் நான் திருத்த மாட்டேன்.

அப்போ மட்ஃப்ளாப்னா என்ன? அதையும் மட்கார்டுன்னுதானே சொல்றாங்க?

சொல்கிறார்கள், குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. மட்ஃப்ளாப் என்பது சக்கரத்துக்குப் பின்னால் திரை மாதிரி தொங்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தாள். மட்கார்டு சக்கரத்தைச் சுற்றி வளையும், விறைப்பாக இருக்கும். மட்ஃப்ளாப் தொங்கும், தட்டினால் வளைந்து கொடுக்கும். கார்களுக்கு அச்சில் வார்த்து வரும் சின்ன மட்ஃப்ளாப்பை ஸ்ப்ளாஷ் கார்டு என்றும் விற்கிறார்கள். பெட்டியில் அந்தப் பேர் இருந்தால் வேறு ஏதோ புதுப் பொருள் என்று நினைக்க வேண்டாம்.

மட்கார்டு இருக்கும்போது மட்ஃப்ளாப் எதுக்கு? ஒண்ணு போதாதா?

இதற்குத் தண்ணீர் டயரை விட்டு எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். சுழலும் டயரில் ஒட்டியிருக்கும் துளி, பிடி விடும் அந்த இடத்தில் டயரின் விளிம்பு எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறதோ அந்தத் திசையில் நேர்கோடாகப் பறக்கும். வண்டியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு டயரின் அடிப்பகுதி பின்னோக்கிப் போகிறது, பின்பக்கம் மேலே ஏறுகிறது, உச்சி முன்னோக்கிப் போகிறது. ஆகவே தரையை விட்டு எழுந்தவுடன் பிரியும் துளி தாழ்வாகப் பின்னால் பாயும். சக்கரத்தின் நடு அச்சு இருக்கும் உயரத்துக்கு வந்து பிரியும் துளி நேராக மேலே போகும். அதற்கும் மேலே போய்ப் பிரிவது முன்னோக்கி வந்து, மட்கார்டு இல்லாத சைக்கிள்காரரின் முதுகில் கோடு போடும்.

மேலேயும் முன்னேயும் போகும் துளிகளை மட்கார்டு பிடிக்கிறது. தாழ்வாகப் பின்னால் பாய்வதை மட்கார்டு எட்டாது. அதைப் பிடிப்பது மட்ஃப்ளாப்பின் வேலை. அப்படியானால் மட்கார்டையே தரைவரை இறக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். விறைப்பான தகட்டைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முதல் வேகத்தடையிலேயே உடையும், அல்லது மடங்கிச் சக்கரத்தில் சிக்கும். அதனால்தான் கீழ்ப்பகுதிக்கு வளைந்து கொடுக்கும் தாள்.

இன்னொன்று: யாருக்கு லாபம் என்பதும் சக்கரத்தைப் பொறுத்து மாறும். முன்சக்கரத்து மட்ஃப்ளாப் உங்கள் வண்டியைக் காக்கிறது. காரில் கதவுக்கு அடியில் இருக்கும் பெயின்ட், சைக்கிளில் செயினும் உங்கள் செருப்பும் தப்பும். பின்சக்கரத்து மட்ஃப்ளாப் பெரும்பாலும் பின்னால் வருபவருக்காக. அவருடைய முன்கண்ணாடியில் கல் பட்டால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

கார் சக்கரத்துக்கு உள்ளே கைவிட்டா கறுப்பா பிளாஸ்டிக் இருக்கே, அதுதான் மட்கார்டா?

அதன் பேர் ஃபெண்டர் லைனர், வீல் ஆர்ச் லைனர் என்றும் சொல்வார்கள். நியாயமாகப் பார்த்தால் இன்றைய காரில் சேற்றை நேருக்கு நேர் வாங்கிக்கொள்வது இதுதான். வெளியே தெரியும் ஃபெண்டரின் உட்பக்கம், வயர்கள், அங்கே ஒளித்து வைத்திருக்கும், முன்கண்ணாடி கழுவும் தண்ணீருக்கான வாஷர் தொட்டி எல்லாவற்றையும் இது மறைத்து நிற்கிறது. சில கார்களில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கம்பளம் போன்ற சொரசொரப்பான துணிப்பொருளில் செய்கிறார்கள். கல்லும் தண்ணீரும் அடிக்கும் சத்தம் அதில் குறைவாகக் கேட்கும்.

திருப்பும்போது டயரில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள். இதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் உடைந்து லைனர் தொங்கியிருக்கலாம். கிளிப்பை மட்டும் மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். உரசட்டும் என்று விட்டால் டயர் அதில் ஓட்டை போட்டுவிடும், பிறகு முழு லைனரையும் மாற்ற வேண்டிவரும்.

முன்னாடி அடிபட்டப்போ ஃபெண்டரைக் கழட்டி மாத்தினாங்க, ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது. பின்னாடி அடிபட்டா ஏன் இவ்வளவு இழுக்குது?

பெரும்பாலான கார்களில் முன் ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டிய தகடு. வண்டியின் பலம் அதில் இல்லை. கழற்று, புதியதை மாட்டு, பெயின்ட் அடி, அவ்வளவுதான். பின்சக்கரத்தின் மேல் இருக்கும் தகட்டை மேலோட்டமாகப் பின் ஃபெண்டர் என்று சொன்னாலும் அதன் சரியான பேர் குவார்ட்டர் பேனல். பிரிட்டிஷ் வழக்கில் ரியர் விங். அது வண்டியின் கூட்டோடு வெல்டு செய்யப்பட்டது. மாற்ற வேண்டுமென்றால் வெட்டி எடுத்து, புதியதை வெல்டு செய்து, இணைப்பைத் தேய்த்து, உள்பக்கம் துரு பிடிக்காமல் பூச்சு கொடுத்து, அப்புறம்தான் பெயின்ட்டுக்கே வர முடியும்.

அதனால்தான் பின்பக்கத்தில் நசுங்கினால் மாற்றுவதை விடத் தட்டி நிமிர்த்தப் பார்ப்பார்கள். அது ஏமாற்று வேலை இல்லை. நல்ல கைக்காரர் தட்டி நிமிர்த்தியது, அவசரத்தில் வெட்டி ஒட்டியதை விட நன்றாகவே இருக்கும். பட்டியலில் பின்பக்கத்துக்கு 'ஃபெண்டர் ரீப்ளேஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தத் தகடு, போல்ட்டா வெல்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஃபெண்டர் இரும்பா பிளாஸ்டிக்கா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம், விரலால் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். எஃகுத் தகடாகவே இருந்தும் ஓரிடத்தில் மட்டும் காந்தம் தளர்வாகப் பிடித்தால், அங்கே பெயின்ட்டுக்கு அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, தடிமனாக இருக்கிறது என்று பொருள். பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இது உதவும்.

சட்டம் என்ன சொல்லுது? மட்ஃப்ளாப் இல்லாட்டி தப்பா?

நாட்டுக்கு நாடு மாறும், வண்டி வகைக்கும் மாறும். அமெரிக்காவில் மட்ஃப்ளாப்பை மாநிலங்களின் சட்டங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஒரு மாநிலத்தில் சரியானது பக்கத்து மாநிலத்தில் தவறாகலாம்.

ஐரோப்பிய விதி சுவாரசியமானது, ஏனென்றால் அது மட்கார்டு, ஃபெண்டர் என்ற பேர்ச் சண்டைக்கே போகவில்லை. கார்களுக்கான 1978-ஆம் ஆண்டு ஆணை 'சக்கரக் காப்பு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதை மட்டும் அளந்து சொன்னது. சக்கர மையத்துக்கு நேர் மேலே போகும் கோட்டிலிருந்து முன்பக்கம் 30 டிகிரி, பின்பக்கம் 50 டிகிரி வரையுள்ள பகுதியில் டயரின் முழு அகலமும் மறைந்திருக்க வேண்டும். காப்பின் பின் ஓரம் அச்சுக்கு மேல் 150 மில்லிமீட்டரைத் தாண்டி உயரக் கூடாது. மேலே துளி பறக்கும் விதத்தைச் சொன்னேன் அல்லவா, அதோடு இதைப் பொருத்திப் பாருங்கள். மேலேயும் முன்னேயும் கிளம்பும் துளிகளின் பாதையை மூடத்தான் இந்த அளவுகள். அது ஃபெண்டரா, லைனரா, தனித் தகடா என்பது விதிக்கு முக்கியமில்லை.

அகலமான டயர் போட்டேன், வெளியே துருத்திட்டு நிக்குது. மட்ஃப்ளாப் போட்டா சரியாயிடுமா?

ஆகாது. மட்ஃப்ளாப் பின்னால்தான் நிற்கிறது. உங்களுக்குக் குறைவது மேலே இருக்க வேண்டிய அகலம். அதற்கு ஃபெண்டர் ஃப்ளேர் என்று சக்கர வளைவின் விளிம்பில் வெளிப்பக்கமாக நீட்டி ஒட்டும் பட்டை இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன மாதிரியான விதி உங்கள் ஊரில் இருந்தால், ஃப்ளேர் இல்லாமல் வண்டி பரிசோதனையில் நிற்காது.

கம்பெனி போடாத மட்ஃப்ளாப்பை நானே போட்டா அந்த இடத்துல துரு பிடிக்கும்கிறாங்களே?

பிடிக்கலாம், ஆனால் குற்றம் மட்ஃப்ளாப்பின் மீது இல்லை. தகட்டில் புதிதாகத் துளை போட்டு, வெட்டுப்பட்ட விளிம்பில் பெயின்ட் தொடாமல் விட்டால் துரு அங்கிருந்து தொடங்கும். இன்னொரு வழி, தாளுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஈர மண் சேர்ந்து கிடப்பது. முடிந்தவரை லைனரைப் பிடித்திருக்கும் பழைய திருகு ஓட்டைகளையே பயன்படுத்தும்படி வார்த்த தாளை வாங்குங்கள். வண்டி கழுவும்போது அந்த இடுக்கில் தண்ணீரைப் பாய்ச்சுங்கள்.

மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். நின்றபோது உரசாதது, ஆள் ஏறி வண்டி தாழ்ந்ததும் உரசலாம். நீளத்தில் பேராசை வேண்டாம். ரிவர்ஸ் எடுத்து நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது டயருக்கும் கல்லுக்கும் நடுவில் தாள் மாட்டிக் கிழிவதுதான் வழக்கமான முடிவு.

முன்சக்கரத்துக்கு முன்னாடி ஒரு குட்டி மடல் தொங்குது. மட்ஃப்ளாப்பைத் தப்பான பக்கம் மாட்டிட்டாங்களா?

இல்லை, பிடுங்கிவிடாதீர்கள். அது காற்றுக்கான தடுப்பு. எதிர்க்காற்று நேராக டயரின் முகத்தில் மோதாமல் சுற்றிப் போக வழிவிட்டு, காற்று வண்டியைப் பின்னுக்கு இழுப்பதைக் குறைக்கிறது. சேற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் தொங்கும் மட்ஃப்ளாப் இதற்கு நேர் எதிர், அது காற்று இழுவையைக் கொஞ்சம் கூட்டும். சில தயாரிப்பாளர்கள் மட்ஃப்ளாப்பைச் சின்னதாக வைப்பதற்கும், சிலர் போடாமலே விடுவதற்கும் அதுவும் ஒரு காரணம்.

பைக்ல முன் மட்கார்டைக் கழட்டிட்டா ஸ்டைலா இருக்கு. ஓட்டலாமா?

படம் எடுத்துக்கொள்ளலாம், ஓட்ட வேண்டாம். முன்டயர் தூக்கி எறிவது முதலில் போய் அடிப்பது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயையும் அதன் ஆயில் சீலையும். குழாயில் சின்னக் கொத்து விழுந்தாலும் சீல் கிழிந்து ஆயில் கசியும். அடுத்து ரேடியேட்டரும் எஞ்சினின் முகமும். வேகத்தில் டயரின் மேல்பக்கத்திலிருந்து முன்னால் போகும் தண்ணீர் எதிர்க்காற்றில் திரும்பி உங்கள் ஹெல்மெட் கண்ணாடியில் விழும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பல பைக்குகளில் முன் மட்கார்டோ அதற்குள் இருக்கும் எஃகு வளையமோ ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதை எடுத்தால் கால்கள் தனித்தனியாக முறுக்கிக்கொள்ள இடம் கிடைக்கும், திருப்பத்தில் பைக் உறுதியாக இருக்காது. பின் மட்கார்டைக் குட்டையாக்குவதில் இவ்வளவு ஆபத்தில்லை. நம்பர் பிளேட்டும் ரிஃப்ளெக்டரும் அதில்தான் இருக்கின்றன என்பதையும், மழையில் முதுகு நனையும் என்பதையும் மறக்காமல் இருந்தால் சரி.

சேத்துல ஓடுற டர்ட் பைக்ல மட்கார்டை ஏன் டயரை விட்டு அவ்வளவு உயரத்துல வெச்சிருக்காங்க? சேறு அங்கேதானே அதிகம்?

அதிகம் என்பதால்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருந்தால் களிமண் அதில் அடைத்து, இறுகி, கடைசியில் சக்கரத்தையே சுற்ற விடாது. சாலை பைக்கில் தண்ணீரும் பொடிக்கல்லும்தான் எதிரி, அங்கே நெருக்கமாக இருந்தால்தான் பலன். சில சாலை பைக்குகளில் பின்சக்கரத்தை ஒட்டி, அந்தச் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற கையிலேயே மாட்டியிருக்கும் ஹக்கர் என்ற குட்டி மட்கார்டு அந்த நெருக்கத்துக்காக வந்தது. சக்கரத்தோடு சேர்ந்தே அதுவும் ஏறி இறங்கும், அதனால் ஒட்டி வைக்க முடிகிறது.

சைக்கிளுக்கு எந்த அகலம் வாங்குறது?

டயரை விட 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலமாக. 35 மில்லிமீட்டர் டயருக்கு 45 மில்லிமீட்டர் மட்கார்டு சரியாக இருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரே சீராக 10 மில்லிமீட்டராவது விடுங்கள். முன் மட்கார்டின் கம்பிகள் அழுத்தம் வந்தால் தானாகக் கழன்றுகொள்ளும் வகையா என்றும் பாருங்கள். டயரோடு ஒரு குச்சி உள்ளே போய் மட்கார்டைச் சுருட்டினால் முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் தலைக்கு மேல் போய் விழுவார். கழன்றுகொள்ளும் கிளிப் அதற்காகத்தான்.

கூடவே முன் மட்கார்டின் நுனியில் நீளமாக ஒரு மட்ஃப்ளாப். கால் நனையாமல் இருப்பதில் அதன் பங்கு மட்கார்டை விடக் கூடுதல் என்பேன்.

பெரிய லாரிகள்ல மட்ஃப்ளாப்போட உள்பக்கம் புல்லு மாதிரி இருக்கே, அது எதுக்கு?

வழுவழுப்பான தாளில் வேகமாக மோதும் தண்ணீர் சிதறிப் பனிப்புகை மாதிரி ஆகி, பக்கத்தில் வருபவரின் பார்வையை மறைக்கும். புல் போன்ற பரப்பில் மோதினால் வேகம் அடங்கி, துளிகள் ஒன்றுசேர்ந்து கீழே வழியும். கனரக லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் இப்படித் தெறிப்பை அடக்கும் ஏற்பாட்டைப் பற்றி ஐரோப்பா 1991-இல் தனி ஆணையே போட்டது. தெறிப்பை உறிஞ்சும் வகை, காற்றை விட்டுத் தண்ணீரைப் பிடிக்கும் வகை என்று அதில் இரண்டையும் பிரித்திருக்கிறார்கள்.

ஃபார்முலா 1 காருக்கு மழையில மட்கார்டு மாட்டினா என்ன?

மாட்டிப் பார்த்தார்கள். 2023 ஜூலையில் சில்வர்ஸ்டோனிலும், 2024 மே மாதம் ஃபெராரியின் ஃபியோரானோ ஓடுதளத்திலும் சக்கர மூடிகளைச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்தக் கார்களில் தண்ணீரைக் கிளப்புவது டயர் மட்டுமில்லை. காரின் அடித்தளம் தரையோடு ஒட்டிக் காற்றை உறிஞ்சும்போது ஓடுதளத்தில் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து பின்னால் பீய்ச்சி அடிக்கிறது. சக்கரத்தை மூடினாலும் அந்த வழி திறந்தே இருக்கும்.

ஆன்லைன்ல தேடினா கிட்டார் வருது! சரியான பாகத்தை எப்படி ஆர்டர் பண்றது?

ஃபெண்டர் என்று மட்டும் தேடினால் அந்தப் பேரில் இருக்கும் கிட்டார் கம்பெனிதான் முந்திக்கொள்ளும், படகுகளின் பக்கவாட்டில் தொங்கும் உருளைகளும் வரும். வண்டியின் மாடல், ஆண்டு, இந்தப் பக்கத்தில் பார்த்த பேர்களில் எது வேண்டுமோ அது, மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். லைனர் வேண்டுமென்றால் ஃபெண்டர் என்று பொதுவாகப் போடாதீர்கள், வெளித்தகடு வந்து சேரும். பழைய பாகத்தின் உட்பக்கத்தில் அச்சான எண் இருந்தால் பேரையே மறந்துவிட்டு அந்த எண்ணைக் கொடுங்கள்.

இடது வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது உள்ள இடது வலது. வண்டிக்கு முன்னால் நின்று பார்த்து ஆர்டர் போட்டால் எதிர்ப்பக்கத்துப் பாகம் வரும்.